சூடாறாப் பெட்டியில் சோறு வடிப்பது எப்படி?

புழுங்கல் அரிசியை உலையில் போட்டுவிட்டு அரை மணி நேரம் தீயை எரிய விடுகிறோம். அந்தத் தீயில் பெரும்பகுதி சோற்றுக்குப் போவதில்லை, ஆவியாகிச் சமையலறைக் கூரைக்குப் போகிறது.

கணக்கு எளிது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல். கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயைக் கூட்டினால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஆவிதான் கூடும். அரிசிக்கோ அவ்வளவு சூடுகூடத் தேவையில்லை. அதன் மாவுச்சத்து 60 முதல் 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். ஆகவே கொதித்த பாத்திரத்தின் சூடு வெளியேறாமல் பார்த்துக்கொண்டால், மீதி வேலையைத் தீ இல்லாமலே சோறு முடித்துக்கொள்ளும். நாம் எரிக்கும் எல்பிஜியில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது என்பதை நினைத்தால், அதைக் கொண்டு கூரையை வேகவைப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் வைக்கோல் திணித்த பெட்டிகளில் இப்படிச் சமைத்தார்கள். நமக்கு அருகே, மக்களிடம் அறிவியலைப் பரப்பும் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் இதைச் சூடாறாப் பெட்டி என்ற பெயரில் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. நான் இருப்பது கோவை. பாலக்காட்டில் உறவு உள்ள வீடுகளில் இதைப் பார்த்துத்தான் செய்யக் கற்றேன்.

1. பெட்டி

இதே வேலைக்கென்று, சூட்டைக் காக்கும் எவர்சில்வர் தெர்மல் குக்கர் கடையில் கிடைக்கிறது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எரிவாயுவை மிச்சப்படுத்துவதற்காகப் புதிதாக ஓர் இரும்புக் குடத்தை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் இடமே இல்லாதவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு மருந்துக்கடையிலோ பழக்கடையிலோ தூக்கிப்போடும் தெர்மோகோல் பெட்டி போதும். நம் ஊரில் அது பெரும்பாலும் குப்பைமேட்டுக்கோ தெருவோர நெருப்புக்கோதான் போகிறது. மீன் வந்த பெட்டி வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை சோற்றில் ஏறும்.

தெர்மோகோல் கிடைக்காவிட்டால் தடித்த அட்டைப்பெட்டி எடுத்து, நாற்புறமும் நான்கு விரற்கடை தடிமனுக்குப் பழைய போர்வையைத் திணிக்கலாம். என் தேர்வு இலவம் பஞ்சுதான். பழைய இலவம் பஞ்சுத் தலையணைகள் இரண்டு இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. ஒவ்வொரு இழைக்குள்ளும் காற்று அடைபட்டிருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. வைக்கோலும் நல்லதே, ஆனால் எலிக்கு அழைப்பு அனுப்பியதாகிவிடும்.

தெர்மோகோல் பெட்டி என்றால் ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் பாத்திரம் நேராக அதன்மேல் பட்டால் இளகிக் குழி விழும். அடியில் பிரிமணை ஒன்றை வைத்து, அதன்மேல் மடித்த சாக்கைப் போடுங்கள். பக்கங்களிலும் பருத்தித்துணி வேண்டும்.

2. பாத்திரம்

நீண்ட கைப்பிடி இல்லாத, மூடி இறுக்கமாக உட்காரும் குண்டான். அடி கனமாக இருந்தால் நல்லது. பாத்திரம் முக்கால் பங்காவது நிறைய வேண்டும். பெரிய குண்டானில் ஒரு கை அரிசியைப் போட்டுவிட்டுப் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். சூட்டைத் தாங்கி நிற்பது தண்ணீர்தான், அது குறைவாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

3. உலை

அரிசியைக் களைந்து அரை மணி நேரம் ஊறவைக்கவும். ஒரு பங்கு அரிசிக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதன்முறை செய்பவர்கள் வடிக்கும் முறையிலேயே தொடங்குங்கள். தண்ணீர் கூடுதலாக இருப்பதால் சூடு நிற்கும், அளவு தவறினாலும் வடித்துவிடலாம். உலை கொதித்ததும் அரிசியைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து ஐந்து நிமிடம் மிதமான தீயில் விடவும்.

4. மூடி போட்டு மூன்று நிமிடம்

என்னை அதிகம் அலைக்கழித்த படி இதுதான். சோறு வெளியே குழைவாக இருக்கும், கடித்தால் நடுவில் நறுக்கென்று ஒரு குருணை இருக்கும். அரிசியை மாற்றினாலும், ஊறும் நேரத்தைக் கூட்டினாலும் அந்தக் குருணை போகவில்லை. காரணம் மூடியில் இருந்தது. திறந்து கொதிக்கவிட்ட பாத்திரத்தை இறக்கும்போதுதான் மூடினால், அந்த மூடி சில்லென்று இருக்கும், அதன் கீழே இருக்கும் காற்றும் அப்படியே. இரண்டும் சேர்ந்து முதல் சில நிமிடங்களிலேயே கொஞ்சம் சூட்டைத் தின்றுவிடும். பெட்டி தானாகச் சூடாக்காது, உள்ளே போன சூட்டைக் காக்க மட்டுமே அதற்குத் தெரியும். 98 டிகிரியில் உள்ளே போவதும் 88 டிகிரியில் போவதும் ஒன்றல்ல.

எனவே ஐந்து நிமிடம் முடிந்ததும் தீயைச் சிறிதாக்கி, மூடியைப் போட்டு, மூடியின் விளிம்பில் ஆவி சீறும்வரை, குறைந்தது மூன்று நிமிடம் விடுங்கள். கஞ்சி பொங்கி வழிந்தால் தீ அதிகம் என்று பொருள். மூடியைத் திறக்காமல் தீயைக் குறையுங்கள். பெட்டி அடுப்புக்குப் பக்கத்திலேயே திறந்து தயாராக இருக்க வேண்டும். தீயை அணைத்த பிறகு துணியைத் தேடுவது, தலையணையைத் தேடுவது எல்லாம் கூடாது. ஒருமுறை திறந்து கிளறிப் பார்க்கும் ஆசையும் கூடாது.

5. உள்ளே

பாத்திரத்தை இறக்கி, இடைவெளிகளில் துணியைத் திணித்து, மேலே தலையணையை வையுங்கள். பெட்டியின் மூடியை அழுத்தித்தான் மூட முடிய வேண்டும். எளிதாக மூடிக்கொண்டால் மேலே வெற்றிடம் இருக்கிறது, சூடு அங்கேதான் தப்பும். சாதாரணப் பொன்னிப் புழுங்கலுக்கு ஒரு மணி நேரம். ரேஷன் புழுங்கல், பாலக்காட்டு மட்டை அரிசி போன்ற தடித்த ரகங்களுக்குக் கொதிக்கும் நேரத்தைப் பத்து முதல் பதினைந்து நிமிடமாகக் கூட்டி, பெட்டியில் ஒன்றரை மணி நேரம் விடவும். பிறகு வழக்கம்போல வடிக்கலாம். கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள், உப்பும் மோரும் சேர்த்தால் அது ஒரு வேளைக்கு ஆகும்.

பருப்பும் கடலையும்

ஊறிய துவரம் பருப்பு பத்து நிமிடம் கொதித்து, ஒன்றேகால் மணி நேரம் பெட்டியில் இருந்தால் மசியும். புளியைப் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு பட்ட பருப்பு இந்தச் சூட்டில் மசிவதே இல்லை. போர்வெல் உப்புத்தண்ணீருக்கும் அதே குணம் உண்டு.

கொண்டைக்கடலைக்குக் குண்டானைவிடப் பிரஷர் குக்கரையே விரும்புகிறேன். முழு அழுத்தத்தில் உள்ளே 120 டிகிரி இருக்கும். இரவு ஊறிய கடலையை ஒரு விசில் வந்ததும் குக்கரோடு பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்தால், இரண்டு மணி நேரத்தில் பூவாக வெந்திருக்கும். வெயிட்டை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திறக்கவும்.

ராஜ்மாவைக் குண்டானில் கொதிக்கவிட்டுப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் முழுக் கொதியில் பத்து நிமிடமாவது வெந்தால்தான் அழியும். 80 டிகிரியில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் நம்ப முடியாது. கோழியும் ஆட்டிறைச்சியும் கை பழகும்வரை அடுப்பிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் விடலாம்?

மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை விழித்துப் பெருகும். இரவில் வைத்துக் காலையில் எடுக்கும் பெட்டி இது அல்ல. தெர்மாமீட்டர் இல்லையென்றால், திறக்கும்போது ஆவி குபீரென்று எழ வேண்டும், பாத்திரத்தை வெறுங்கையால் தொட முடியக்கூடாது. அப்படி இல்லையென்றால் சாப்பிடும் முன் ஒரு கொதி விடுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

ஊட்டியிலிருந்து ஒருவர், எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் குருணை நிற்கிறது என்று எழுதியிருந்தார். அங்கே கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெட்டிக்குள் போகும் சூடே குறைவு. கொதிக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், அல்லது குக்கரில் வைத்து ஒரு விசில் வந்ததும் பெட்டிக்கு மாற்றுங்கள்.

துணியில் புளித்த வாடை வருகிறது என்று சிலர் சொன்னார்கள். ஆவி படிந்த துணி ஈரமாகவே அடைபட்டுக் கிடப்பதுதான் காரணம். சோற்றை எடுத்ததும் பெட்டியைத் திறந்து போட்டு, துணியையும் தலையணையையும் வெயிலில் காயவையுங்கள். ஈரப் பஞ்சு சூட்டைக் காக்கவும் செய்யாது.

இருவர் மட்டும் உள்ள வீட்டில் குண்டான் எப்படி நிறையும் என்ற கேள்விதான் அதிகம் வந்தது. சிறிய குண்டானில் சோற்றையும், அதே அளவுள்ள இன்னொன்றில் பருப்பையும் ஒரே நேரத்தில் கொதிக்கவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பெட்டியை மூடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று ஆறவிடாது. பருப்பு தேவைப்படாத நாளில் மேலே கொதித்த வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை வையுங்கள், அந்த வெந்நீர் பாத்திரம் தேய்க்க உதவும்.