உறைகுளிரில் நின்றுபோன கேமரா

மாணவர்களாகிய நாங்கள் முதன்முறை அனுப்பிய வானிலை பலூனின் கருவிப்பெட்டி பத்திரமாகத் தரையிறங்கியபோதும், அதற்குள் இருந்த கேமரா நாற்பதாவது நிமிடத்திலேயே நின்றுபோயிருந்தது எங்களை மிகவும் வருத்தியது. விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஏறும் பலூன் அப்போது 12 கிலோமீட்டர் உயரத்தை எட்டியிருக்கும். அங்கே குளிர் உறைநிலைக்குக் கீழே 40 பாகையைத் தாண்டிவிடும். கடைசிப் படங்களின் மங்கலுக்கு, பெட்டிக்குள் அடைபட்ட ஈரம் லென்ஸில் படிந்ததே காரணம்.

அல்கலைன் மின்கலங்களுக்குப் பதிலாக, கடுங்குளிரைத் தாங்கும், மறுமின்னேற்றம் செய்ய இயலாத லித்தியம் மின்கலங்களைப் பொருத்தி, கேமராவின் சூடு வெளியேறாதபடி தெர்மாகோல் சுவரைத் தடிப்பாக்கி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்தோம். பிறகு உலர்பனிக்கட்டிக்கு (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) நடுவே இரண்டு மணி நேரம் கேமராவை ஓடவிட்டுச் சோதித்தோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இரண்டாம் பயணத்தில் கறுத்த வானமும், பலூன் வெடித்த கணமும் தெளிவாகப் பதிவாகியிருந்தன.