ஆறு மணி வாக்கிங்ல வைட்டமின் டி கிடைக்காது: தினமும் வெளியில இருக்க ஒரு ஈஸியான வழி

போன வருஷம் ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வந்தப்போ வைட்டமின் டி 11னு போட்டிருந்துச்சு. 20க்குக் கீழ இருந்தாலே குறைபாடுன்னுதான் கணக்கு. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல, ஏன்னா நான் வருஷக்கணக்கா காலைல அஞ்சே முக்காலுக்கு ஷூ மாட்டிக்கிட்டு கிளம்பி ஏரியை ரெண்டு சுத்து சுத்திட்டு ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுற ஆளு, அதுவும் சென்னைல இருந்துக்கிட்டு வெயில் பத்தலைன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்க நடக்குற நேரத்துல உங்க நிழல் எவ்ளோ நீளமா இருக்கும்?"

அங்கதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. விடிகாலை வெளிச்சத்துக்கு ஒரு வேலை, ஏறின வெயிலுக்கு வேற வேலை. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக நான் பண்றதை அப்படியே வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: மொதல்ல கணக்கு எடுங்க

மூணு நாளைக்கு, தலைக்கு மேல கூரை இல்லாம எத்தனை நிமிஷம் இருந்தீங்கன்னு மட்டும் குறிச்சு வைங்க. கார்ல போனது சேராது. வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை பாக்குற எங்க வீட்டம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஏழு நிமிஷம் வந்துச்சு, அதுவும் குப்பை கொட்டப் போன நேரம்.

ஸ்டெப் 2: எழுந்ததும் பத்து நிமிஷம் வெளிச்சம்

காபி டம்ளரை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போயிடுங்க, போன் உள்ளயே இருக்கட்டும். டியூப்லைட் போட்ட ரூம்ல சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற யூனிட்) வெளிச்சம்தான் இருக்கும், வெளியில மேகமூட்டமா இருந்தாக்கூட பல ஆயிரம் லக்ஸ். அந்த வெளிச்சம் கண்ணுல பட்டாதான் மூளைக்குள்ள இருக்குற கடிகாரத்துக்கு விடிஞ்சிடுச்சுன்னு தெரியும், தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின்ங்கிற ஹார்மோன் ராத்திரி சரியான நேரத்துக்குச் சுரக்கும், தூக்கமும் நேரத்துக்கு வரும். சூரியனை நேரா பாக்க வேணாம், சும்மா அங்க நின்னா போதும். என்னோட ஆறு மணி வாக்கிங் வீண் இல்ல, நடைக்கும் தூக்கத்துக்கும் நல்லதுதான், வைட்டமின் டி மட்டும்தான் அதுல கிடைக்கல.

ஸ்டெப் 3: நிழலை அளந்து பாருங்க (இதுதான் மெயின்)

தோல்ல வைட்டமின் டி உருவாகணும்னா வெயில்ல இருக்குற யூவிபிங்கிற புற ஊதாக் கதிர் படணும். சூரியன் சாய்வா இருக்குற நேரத்துல அது காத்து மண்டலத்தைத் தாண்டி வர்றதுக்குள்ள பெரும்பாலும் வடிகட்டிப் போயிடும். எப்போ வெயில்ல நிக்கலாம்னு கண்டுபிடிக்க ஆப் எதுவும் தேவையில்ல, உங்க நிழல் உங்க உயரத்தை விடக் குட்டையா இருந்தா அதுதான் நேரம். சென்னைல சுமாரா ஒன்பதரை, மார்கழி மாசம்னா பத்து பத்தரை ஆயிடும்.

கை, கால்ல வெயில் படுற மாதிரி டிரெஸ் போட்டுக்கிட்டு, தலைக்கு ஒரு துண்டோ தொப்பியோ வச்சு, பதினைஞ்சு நிமிஷத்துல ஆரம்பிங்க. மாநிறம், கருப்புன்னா தோலுக்கு நிறம் குடுக்குற மெலனின் கூடுதலா இருக்கும், அதனால சிவப்பா இருக்குறவங்களை விட நமக்குக் கொஞ்சம் கூட நேரம் ஆகும். தோல் எரியுற அளவுக்கு நிக்காதீங்க. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து காய்ஞ்சா பிரயோஜனம் இல்ல, கண்ணாடி யூவிபியை உள்ள விடாது, சூடு மட்டும்தான் மிச்சம்.

இன்னொண்ணு, என்னை மாதிரி 11னு வந்தவங்க வெயிலை மட்டும் நம்பிட்டு இருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க. வாரம் ஒரு தடவை பால்ல கலந்து குடிக்கிற 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடரை சிலர் தானா வாங்கி மாசக்கணக்கா குடிக்கிறாங்க, அளவுக்கு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறிடும், கிட்னிக்கே பிரச்சனை வரும்.

ஸ்டெப் 4: பசங்களையும் இழுத்துட்டுப் போங்க

தைவான்ல 2010ல இருந்து ஸ்கூல் பசங்க தினமும் 120 நிமிஷம் வெளியில இருக்கணும்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, காரணம் கிட்டப்பார்வை. வெளி வெளிச்சத்துல விழித்திரைல டோபமின்ங்கிற ரசாயனம் சுரக்குது, அதுதான் கிட்டப்பார்வையைக் கொண்டு வர்ற மாதிரி கண் உருண்டை நீளமா வளர்றதைக் கட்டுப்படுத்துதுன்னு சொல்றாங்க. இதுக்கு உச்சி வெயில் தேவையில்ல, மர நிழல்ல விளையாடினாலே போதும். ஏற்கெனவே ஏறிப்போன பவர் இதனால இறங்காது, புதுசா கண்ணாடி போடுற நாளைத் தள்ளிப் போடலாம்.

ஸ்டெப் 5: வாரம் ஒரு தடவை மரம் இருக்குற இடம்

நாகேஸ்வர ராவ் பூங்கா, செம்மொழிப் பூங்கா, எது பக்கமோ அங்க. ஜப்பான்ல 1982லயே 'காட்டுக் குளியல்'னு பேர் வச்சு அரசாங்கமே இதை ஊக்குவிச்சிருக்கு. நான் பெருசா எதுவும் பண்றதில்ல, பெஞ்சுல உக்காந்து வேர்க்கடலை சாப்பிடுவேன், அவ்ளோதான்.

ஸ்டெப் 6: சித்திரை, வைகாசில ரூல் மாறும்

அக்னி நட்சத்திர நேரத்துல வீராப்பு காட்டாதீங்க. நிழல் குட்டையானதும் பத்து நிமிஷம், உடனே உள்ள, ஒரு சொம்பு மோர். தலை சுத்தினாலோ வேர்வை நின்னு போனாலோ அது விளையாட்டு இல்ல, உடனே நிழலுக்கு வந்து உடம்புல தண்ணி ஊத்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பிபி மாத்திரை போடுறவங்களும் வயசானவங்களும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கடைசியா, இதை எப்படி விடாம பண்றது? சும்மா வெயில்ல நிக்கிறது ரெண்டாவது நாளே போரடிச்சிடும், அதனால ஏதாவது ஒரு வேலையோட கோத்து விட்டுடுங்க, துணி காயப்போடுறது, செடிக்குத் தண்ணி ஊத்துறது, எதுவா இருந்தாலும் சரி. எனக்கு வேலையே தானா வந்துச்சு. மாடில நின்னு காலடில நிழலைக் குனிஞ்சு அளந்துட்டு இருந்தப்போ மாடி வீட்டு ஆன்ட்டி வடாம் பிழிஞ்சுக்கிட்டே "என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. விவரம் சொன்னேன். ஒரு கம்பை எடுத்துக் கைல குடுத்து, "அப்போ தினமும் பத்து மணிக்கு வந்துடுங்க, காக்கா ஓட்ட ஆள் இல்லாம தவிக்கிறேன்"னுட்டு அவங்க கீழ இறங்கிப் போயிட்டாங்க.