பழைய கொம்பியூட்டர் கால டிசைனுக்குப் பேர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இப்ப கொஞ்ச காலமா ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கத்துப் புள்ளைங்க நெறைய பேர் பழைய டிசைன்கள தோண்டி எடுத்து நெட்டுல போட்டுக்கிட்டு இருக்காங்க. விண்டோஸ் எக்ஸ்பி கால வால்பேப்பர், நோக்கியா மெனு, வானவில் கலர்ல தலைப்பு போட்ட டியூஷன் நோட்டீஸ், ஸ்டூடியோ கல்யாண அல்பம்னு எல்லாம் வருது, பாக்கவே சந்தோஷமா இருக்கு. நான் பிரிண்டிங், பெனர் வேலையில இருக்கிறவன், கடைக்கு வர்றவங்களும் "அண்ணே, அந்தப் பழைய கொம்பியூட்டர் ஸ்டைல்ல ஒன்னு போட்டுத் தாங்களேன்"னு கேக்குறாங்க. ஆனா பேர் வைக்கிற எடத்துலதான் எல்லாம் கொழம்புது. பேர் தப்பாப் போனா காலம் தப்பாகும், காலம் தப்பானா நம்ம ஊர்ல நெசமாவே என்ன இருந்துச்சுங்கிறதே மறைஞ்சு போயிரும். அதனாலதான் இத எழுதுறேன்.

அதிகமா பாக்குற தவறு, 2010க்கு முந்தின எதப் பாத்தாலும் ஒய்டூகேன்னு சொல்லிர்றது. ஒய்டூகேங்கிறது கிட்டத்தட்ட 1997ல இருந்து 2004 வரைக்கும் உள்ள ஸ்டைல். பளபளக்கிற வெள்ளி, குரோம், உள்ள இருக்கிறது தெரியிற கலர் பிளாஸ்டிக், உருண்டு தெரண்ட வடிவம், விண்வெளிக் கனவு. 1998ல வந்த அப்பிளோட நீல ஐமேக் கொம்பியூட்டர் அதுக்கு நல்ல உதாரணம். நம்ம ஆளுங்க போடுற படத்துல முக்காவாசி அது இல்ல. நீல வானம், பச்சைப் புல்லு, தண்ணித் துளி, நீர்க்குமிழி, மீனு, கண்ணாடி மாதிரி மினுங்குற பட்டன், இதுக்கு இப்ப வழங்குற பேர் ஃப்ருட்டிகர் ஏரோ, சுமார் 2004ல இருந்து 2013 வரைக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்குறது லேசு, உலோகமும் பிளாஸ்டிக்கும் முன்னுக்கு நின்னா ஒய்டூகே பக்கம், தண்ணியும் கண்ணாடியும் இயற்கையும் முன்னுக்கு நின்னா ஏரோ பக்கம். 2001ல வந்த எக்ஸ்பி ரெண்டுக்கும் நடுவுல நிக்கிது, அத எந்தப் பக்கம் சேக்கிறதுன்னு சண்டை புடிக்கத் தேவையில்ல, "மாறிக்கிட்டு இருந்த காலம்"னு எழுதினாப் போதும்.

அந்தப் பேர்ல ஃப்ருட்டிகர்ங்கிறது ஏட்ரியன் ஃப்ருட்டிகர்ங்கிற சுவிஸ் எழுத்து வடிவமைப்பாளர். பாரிஸ் சார்ள் டி கோல் ஏர்போட்டோட வழிகாட்டிப் பலகைகளுக்காக அவர் வரைஞ்ச எழுத்துதான் 1976ல அவர் பேர்லயே பொன்ட்டா வெளிய வந்துச்சு. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவோட செகோ யூஐ பொன்ட் அத ரொம்ப ஒத்திருந்துச்சு, எவ்வளவுன்னா, ஃப்ருட்டிகர் பொன்ட்ட வித்துக்கிட்டு இருந்த லைனோடைப் கம்பெனி ஆட்சேபிச்சு ஐரோப்பிய யூனியன்ல மைக்ரோசொஃப்டோட டிசைன் பதிவே 2006ல ரத்தாச்சு. ஏரோங்கிறது விஸ்டாவோட கண்ணாடி ஜன்னல் தோற்றத்துக்கு மைக்ரோசொஃப்ட் வச்ச பேர். இந்த ரெண்டையும் சேத்து ஃப்ருட்டிகர் ஏரோன்னு பேர் வச்சது 2017லதான், பழைய டிசைன் ஸ்டைல்களத் தொகுக்கிற கன்ஸ்யூமர் எஸ்தெடிக்ஸ் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டச் சேந்த சோஃபி லீ. அதனால "2007ல எல்லாரும் ஃப்ருட்டிகர் ஏரோ டிசைன் போட்டாங்க"ன்னு எழுதாதீங்க, அப்ப அப்பிடி ஒரு பேரே இல்ல. டிசைன் பண்றவங்க அத வெப் 2.0 ஸ்டைல்னு சொன்னாங்க, கடைக்கு வர்றவங்க "அந்தக் கண்ணாடி பட்டன் மாதிரி"ன்னு சொன்னாங்க. இந்தப் பேர் எல்லாம் பின்னாடி திரும்பிப் பாத்து வச்சது, அதுல உள்ள வருஷக் கணக்கும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

அடுத்தது வருஷம். மலையகத்துல இருக்கிற நம்மளுக்கு இதுதான் ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கிறேன். ஒரு ஸ்டைல் அமெரிக்காவில எந்த வருஷம் வந்துச்சுன்னு பாத்துட்டு நம்ம ஊர்ப் படத்துக்கும் அதே வருஷத்தப் போட்டுர்றாங்க. விஸ்டா கடைக்கு வந்தது 2007 ஜனவரி, விண்டோஸ் 7 வந்தது 2009, ஆனா நம்ம டவுன் கொமினிகேஷன்லயும் (போன் பேச, கொப்பி எடுக்கப் போற கடை) டைப்செட்டிங் கடையிலயும் எக்ஸ்பிதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல்ல அதுக்கு சப்போட்ட நிப்பாட்டின பெறகும் ஓடுச்சு. காரணம் ஒன்னும் பெரிய ரகசியம் இல்ல, கொழும்புல இருந்து செகண்ட் ஹேண்டா வந்த பெண்டியம் 4 மெஷின், பெட்டி மொனிட்டர், அதுல ஏரோ கண்ணாடி வேலை செய்யாது, அதுக்கு 1 ஜிபி ரேமும் ஏத்த கிராபிக்ஸ் கார்டும் வேணும். ஆசை விடுமா? எக்ஸ்பி மேலயே தோற்றத்த மட்டும் மாத்துற விஸ்டா ஸ்கின் பெக்க போட்டுக்கிட்டாங்க. அதனால ஒரு பழைய போட்டோவுல மொனிட்டர்ல கண்ணாடி டாஸ்க்பார் தெரிஞ்ச ஒடனே "இது விஸ்டா, 2007"ன்னு முடிவு கட்டாதீங்க, அது 2011ல எடுத்த எக்ஸ்பியாவும் இருக்கலாம். எழுதும்போது ரெண்டு வருஷமும் போடுங்க, ஸ்டைல் பொறந்த வருஷம் ஒன்னு, அந்தப் பொருள் நம்ம ஊர்ல உண்டான வருஷம் ஒன்னு.

பொருள் உண்டான வருஷத்த எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நோட்டீஸ், விசிட்டிங் கார்ட், அல்பம் அட்டைன்னா அடியில இருக்கிற சின்ன எழுத்தப் பாருங்க. 075ல தொடங்குற போன் நம்பர் இருந்தா அது 2009க்கு முந்தி இருக்கவே முடியாது, ஏன்னா 075 எயார்டெல்லோட நம்பர், அது இலங்கையில சேவைய தொடங்கினதே 2009 ஜனவரியிலதான். ஜீமெயில் முகவரி இருந்தா 2004க்குப் பெறகு. திருவிழா நோட்டீஸ்ல திகதியும் கெழமையும் இருக்கும், வருஷம் இல்லாட்டியும் அந்த ரெண்டும் பொருந்துற வருஷங்கள கலண்டர வச்சுக் கண்டுபிடிச்சிரலாம். இதெல்லாம் பாக்காம, போடும்போது அழகுக்காக அடியில உள்ள பிரஸ் பேரையும் நம்பரையும் வெட்டிட்டுப் போடுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப மனசு வலிக்கும். அந்த ஒரு வரியிலதான் அந்த நோட்டீஸோட வரலாறே இருக்கு.

அப்புறம் பொன்ட். பழைய ஸ்டைல்னு சொல்லி மேல மேகம், புல்லு, குமிழி எல்லாம் அழகாப் போட்டுட்டு தமிழ் எழுத்துக்கு மட்டும் நிர்மலா யூஐ போட்டுருப்பாங்க. நிர்மலா யூஐ 2012ல விண்டோஸ் 8ஓட வந்தது, 2005 நோட்டீஸ்ல அது எப்பிடி இருக்கும்? அந்தக் காலத்துல நம்ம இலங்கைத் தமிழ் அச்சு வேலைக்கு பாமினிதான் ராஜா. அது யூனிகோட் (எந்த மெஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியிற பொது எழுத்து முறை) இல்ல, இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் வடிவத்த உக்கார வச்ச பொன்ட், அதனால பாமினி இல்லாத மெஷின்ல ஃபைலத் தெறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து என்னன்னே புரியாத ஒன்னா தெரியும். விண்டோஸோட வந்த லதா யூனிகோட் பொன்ட் அப்பவே இருந்துச்சு, ஆனா ஃபோட்டோஷொப் 7லயும் பேஜ்மேக்கர்லயும் யூனிகோட் தமிழ் அடிச்சா கொம்பு எழுத்துக்கு முன்னால வராம பின்னால போய் நிக்கும், "கெ" ஒடைஞ்சு போகும். அதுனாலதான் எல்லாரும் பாமினியில நின்னாங்க. இப்ப அதே தோற்றம் வேணும்னா வழி இருக்கு, யூனிகோட்ல அடிங்க, மாத்திக் குடுக்கிற கன்வேட்டர்ல போட்டு பாமினிக்கு மாத்துங்க, அப்புறம் பாமினி பொன்ட்ட வச்சு டிசைன்ல ஒட்டுங்க. வேட்ஆர்ட் மாதிரி இழுக்கிறதுன்னா அகலவாக்குல நல்லா இழுங்க, அப்ப நெட்டுக்கோடெல்லாம் தடிச்சு படுக்கைக் கோடு மெல்லிசா நிக்கும், ஓஎல் கணக்கு டியூஷன் நோட்டீஸ் தலைப்ப ஞாபகம் இருக்கிறவங்களுக்கு அதப் பாத்த ஒடனே புரியும். பாமினி பொன்ட் மட்டும் சரியா விழுந்துட்டா மத்ததுல கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் அந்தக் காலம் வந்துரும், இது என் அனுபவத்துல நிச்சயமா சொல்லுவேன்.

ஃபில்ட்டர் விஷயமும் இதே மாதிரி. பழசுன்னா ஒடனே படத்துக்கு மேல கோடு கோடா வீடியோ கெஸட் ஃபில்ட்டர், மணல் மாதிரி புள்ளி, மங்கின மஞ்சள். ஏரோ ஸ்டைலோட உசிரே துப்புரவும் பளிச்சும்தான், அதுல அழுக்குப் பூசினா அது அது இல்ல. அந்தக் கால டிஜிட்டல் படத்தோட கொறை வேற மாதிரி, 640க்கு 480 அளவு, பெருசாக்கினா சதுரம் சதுரமா ஒடையிற ஜேபெக், மூலையில ஒரேஞ்ச் கலர் திகதி. நோக்கியா 6600 மாதிரி போன் திரையில காட்டணும்னா அதோட திரை 176க்கு 208 புள்ளிதான், அந்த அளவுக்குச் சின்னதாக்கிட்டு திரும்பப் பெருசாக்கிப் பாருங்க, ஃபில்ட்டரே தேவைப்படாது.

ஊதாவும் ரோசாவுமா கலர் போட்டு கிரேக்கச் சிலை வைக்கிறது வேப்பர்வேவ், அது 2010க்குப் பெறகு வந்தவங்க 80, 90கள நெனச்சு உண்டாக்கினது, அந்தக் காலத்துலயே இருந்த டிசைன் இல்ல. மர அலுமாரி மாதிரி புத்தக அப், தோல் மாதிரி கலண்டர், இதுகளுக்குச் சொல்ற ஸ்கியூமோஃபிசம் ஒரு முறைதான், ஒரு காலத்தோட பேர் இல்ல, 2013ல ஐஓஎஸ் 7 வந்து எல்லாத்தையும் தட்டையாக்கினப்பதான் அந்தச் சொல்லு எல்லார் வாயிலயும் வந்துச்சு. 2025ல அப்பிள் கொண்டாந்த லிக்விட் கிளாஸையும் பழைய ஏரோவையும் ஒன்னுன்னு சொல்லாதீங்க, ரெண்டுலயும் கண்ணாடி இருக்கு, ஆனா ஏரோ பின்னாடி இருக்கிறத மங்கலாக்கிக் காட்டும், இது ஒளிய வளைச்சுக் காட்டுது.

நம்ம ஊருக்கே உரியதுக்கு வெளிநாட்டுப் பேர ஒட்டுறதுதான் எனக்கு ரொம்பப் பெரிய தவறாப் படுது. ஸ்டூடியோ கல்யாண அல்பத்த எடுங்க. நெலாவுக்குள்ள மாப்பிள்ள மொகம், பனித்துளி விழுந்த ரோசாவுக்குள்ள பொண்ணு மொகம், பின்னால நீர்வீழ்ச்சி, அன்னப்பறவை, ஓரமெல்லாம் நட்சத்திர மினுமினுப்பு. தண்ணி இருக்குன்னு இத ஃப்ருட்டிகர் ஏரோன்னு போட்டுர்றாங்க. ஆனா இது விஸ்டாவில இருந்து வந்தது இல்ல, இந்தியாவில இருந்து சீடியில வந்த பிஎஸ்டி டெம்ப்ளேட் (மொகத்த மட்டும் மாத்திப் போடுற ஃபோட்டோஷொப் ஃபைல்), அதுக்கு முந்தி ஸ்டூடியோவுல தொங்கின பெயிண்ட் அடிச்ச சீலை, அதுக்கும் முந்தி சாமிப் பட கலண்டர், இந்த வழியா வந்தது. சைனா போனும் அப்பிடித்தான். பெரிய ஸ்பீக்கர், ரெண்டு சிம், பாட்டுக்கு ஏத்த மாதிரி மின்னுற லைட், உள்ள ஐபோனையும் விஸ்டாவையும் பாத்துப் போட்ட ஐகன். லயத்துல ஒருத்தர் வச்சிருந்தா பக்கத்துக் காம்பிராவுக்கும் பாட்டு கேக்கும். வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போன அம்மாமார் அனுப்பின படங்கள்ல தங்க ப்ரேமும் இதயமும் போட்டு வர்றது இன்னொரு வகை. இதுகளுக்கு அழகான ஒரு இங்கிலீஷ் பேர் கெடைக்கிற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. என்ன பொருள், எந்த டவுன், எந்தச் சொப்ட்வெயார், எந்தக் காலம், இத வச்சே பேர் சொல்லுங்க, "ஸ்டூடியோ நீர்வீழ்ச்சி அல்பம், பதுளை, ஃபோட்டோஷொப், 2006"ன்னு எழுதினா அத விடத் தெளிவான பேர் வேற இல்ல.

அம்பேவெல புல்வெளி போட்டோவ எடுத்து எக்ஸ்பி வால்பேப்பர் மாதிரி பண்றது அழகுதான், பண்ணுங்க, ஆனா புதுசாப் பண்ணதுன்னு எழுதுங்க. அசல் படம் சார்ள்ஸ் ஓ'ரியர் 1996ல கலிபோர்னியா சொனோமாவுல ஃபிலிம்ல எடுத்தது. இத விட மோசம், ஏஐல "2006 ஹட்டன் கொமினிகேஷன்"னு ஒரு படத்த உண்டாக்கி பழைய போட்டோ மாதிரி பரப்புறது. அதுல போர்ட்ல இருக்கிற தமிழ வாசிச்சுப் பாத்தா எழுத்தே எழுத்தா இருக்காது. ஆனா கீழ நூறு பேர் "ஐயோ என் சின்ன வயசு"ன்னு எழுதிருப்பாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல நெசமான படம் எது, செஞ்ச படம் எதுன்னு நம்மளுக்கே தெரியாமப் போயிரும்.

சடங்கு வீட்டு அல்பத்த டிசைன் அழகா இருக்குன்னு போடுறவங்களுக்கு ஒரு விஷயம், அந்தப் புள்ளை இப்ப பெரிய மனுஷி, அவங்களக் கேக்காமப் போடாதீங்க. டிசைன் மட்டும் காட்டணும்னா மொகத்த மறைச்சுருங்க.

கடைசியா, இருக்கிறத காப்பாத்துங்க. ஆளாளுக்கு சொந்தமா வெப் பக்கம் செஞ்சு வச்சிருந்த ஜியோசிட்டீஸ யாஹூ 2009ல மூடினப்ப, அழியப் போற வெப்சைட்களக் காப்பாத்துற ஆர்க்கைவ் டீம் ஆளுங்க ஓடி ஓடி எறக்கி வச்சதாலதான் அந்தப் பக்கங்கள்ல பெரும் பங்கு இன்னைக்கும் இருக்கு. நம்ம ஊர் டிசைனெல்லாம் எந்த வெப்சைட்லயும் இல்ல, மூடிப்போன கொமினிகேஷன்ல, ஸ்டூடியோ அண்ணன்மார் வீட்டு அட்டைப் பெட்டியில, பழைய ஹார்ட் டிஸ்க்ல, எரிச்ச சீடியில கெடக்கு. எரிச்ச சீடி மழைக்காலத்து ஈரத்துல சீக்கிரம் கெட்டுப் போகும், இன்னைக்கே கொப்பி பண்ணுங்க. பேப்பர்ல இருக்கிறத போன்ல போட்டோ புடிக்காம ஸ்கேன் பண்ணுங்க, 300 டிபிஐக்குக் கொறையாம. பழைய ஹார்ட் டிஸ்க் கெடைச்சா அந்தப் பழைய மெஷின ஒன் பண்ணிப் பாக்காதீங்க, டிஸ்க்க கழட்டி, ஐடிஈங்கிற பழைய டிஸ்க் இணைப்புல இருந்து யூஎஸ்பிக்கு மாத்துற அடாப்டர்ல போட்டு மொதல்ல முழுசா ஒரு கொப்பி எடுங்க, ஃபைல் பேரையும் திகதியையும் மாத்தாதீங்க, பாமினியில பேர் வச்ச ஃபைல் கண்டமேனிக்குத் தெரிஞ்சாலும் அழிக்காதீங்க, கன்வேட்டர்ல போட்டா யார் வீட்டுக் கல்யாணம்னு பேர் வந்துரும்.