இன்ஸ்ட்ருமென்ட் ஏர் லைன் போடுறது எப்படி? டிரையர்ல இருந்து பொசிஷனர் வரைக்கும்

கண்ட்ரோல் வால்வு மக்கர் பண்ணுதுன்னா நிறைய பேர் நேரா பொசிஷனரைத்தான் (சிக்னலுக்கு ஏத்த மாதிரி காத்தை விட்டு வால்வை நகர்த்துற கருவி) கழட்டுறாங்க, ஆனா பாதி நேரம் கோளாறு லைன்ல வர்ற காத்துலதான் (கருவிகளை ஓட்டுற இன்ஸ்ட்ருமென்ட் ஏர்) இருக்கும். பொசிஷனருக்குள்ள காத்து போற ஓட்டை அவ்ளோ சின்னது, ஒரு துணுக்கு டெஃப்லான் டேப் சிக்கினாலே வேலை முடிஞ்சுது.

முதல்ல காத்தைக் காய வைக்கணும். ரெஃப்ரிஜிரேஷன் டிரையர் போட்டா டியூ பாயின்ட் (காத்துல இருக்குற ஈரம் தண்ணியா மாற ஆரம்பிக்கிற வெப்பநிலை) 3 டிகிரி வாக்குல நிக்கும், ராத்திரி அதுக்குக் கீழ குளிரும்னா வெளியில ஓடுற பைப்ல திரும்ப தண்ணி கட்டிடும், அந்த மாதிரி இடத்துக்கு மைனஸ் 40 தர்ற, ஈரத்தை உறிஞ்சுற டெசிகன்ட் டிரையர்தான் சரி. இன்ஸ்ட்ருமென்ட் ஏர் தரத்துக்கான ஐஎஸ்ஏ 7.0.01 ஸ்டாண்டர்ட் சொல்றது, பைப் பார்க்கப்போற குறைஞ்ச வெப்பநிலையை விட டியூ பாயின்ட் 10 டிகிரியாவது கீழ இருக்கணும், தூசி 40 மைக்ரானைத் தாண்டக்கூடாது, ஆயில் 1 பிபிஎம்முக்கு மேல போகவே கூடாது.

அடுத்து ஹெடர், அதாவது காத்து வர்ற மெயின் பைப். லேசா சரிவு குடுங்க, தாழ்வான இடத்துலயும் கடைசி முனையிலயும் டிரெயின் வால்வு வைங்க. பிராஞ்ச் (கிளை பைப்) எடுக்கும்போது ஹெடரோட மேல் பக்கத்துல இருந்து எடுங்க, இதை மட்டும் விட்டுக்குடுக்காதீங்க, ஏன்னா தண்ணியும் துருவும் பைப்போட அடியிலதான் ஓடும், கீழ இருந்து எடுத்தா அத்தனையும் உங்க வால்வுக்குத்தான் வரும். ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனி ஐசோலேஷன் வால்வு, மேனிஃபோல்டுல (பல லைன் பிரியுற இடம்) ரெண்டு மூணு ஸ்பேர் பாயின்ட்.

ஜாயின்ட்ல டெஃப்லான் டேப் சுத்தும்போது முனையில முதல் ரெண்டு மரையை விட்டுட்டு சுத்துங்க.

இப்போ புளோ பண்ணணும், அதாவது காத்தை ஊதி பைப்பைச் சுத்தம் பண்ணணும், அவசரத்துல எல்லாரும் தாண்டிப் போற ஸ்டெப் இதுதான். இன்ஸ்ட்ருமென்ட் எதையும் மாட்டாம முதல்ல ஹெடர், அப்புறம் பிராஞ்ச், கடைசியா டியூப்னு வரிசையா ஊதுங்க, வாய்ப்பக்கத்துல வெள்ளைத்துணியை ஒரு பிளேட்டுல கட்டி வைங்க, கையில பிடிக்க வேணாம், துணியில கறுப்புப் புள்ளியோ ஈரமோ தெரியாத வரைக்கும் விடாதீங்க. கண்ணாடி போட்டுக்கங்க, எதிர்ல ஆள் நிக்கக்கூடாது.

அப்புறம் ஏர் செட், அதாவது ஃபில்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்தது. ஹெடர்ல 6, 7 பார் இருக்கும், 0.2-1 பார் சிக்னல்ல ஓடுற சாதாரண டயஃப்ரம் வால்வுக்கு 1.4 பார் போதும், வால்வை நகர்த்துறது பிஸ்டன் ஆக்சுவேட்டர்னா அதிகம் கேக்கும், நேம் பிளேட்டைப் பார்த்து வைங்க, குத்துமதிப்பா ஏத்தினா டயஃப்ரம் கிழியும்.

எல்லாம் மாட்டினதும் ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்புத்தண்ணி தடவி லீக் பாருங்க. தரையைக் கூட்ட, டூல் ஓட்டன்னு யாராவது இந்த லைன்ல ஹோஸ் மாட்ட வந்தா விடாதீங்க, அதுக்குத்தான் பிளான்ட் ஏர்னு தனி லைன் இருக்கு.

கம்ப்ரஸர் நின்னா பேக்கப்புக்கு நைட்ரஜன் குடுக்குற பிளான்ட்டும் உண்டு. நியூமேட்டிக் பொசிஷனர் எந்நேரமும் கொஞ்சம் காத்தை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், மூடின ரூம்ல அது நைட்ரஜனா வந்தா ஆக்சிஜன் குறைஞ்சு ஆள் மயங்கி விழுந்துடுவாங்க, அதனால அந்த மாதிரி ரூம்ல வென்ட்டை டியூப் போட்டு வெளிய எடுத்துட்டு, ஆக்சிஜன் மானிட்டரும் மாட்டிடுங்க.