வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? 10 மாதக் கணக்கு போடுங்கள்

வாடகைக்கு விடுவதற்காக முதல்முறை வீடு வாங்குபவர்கள் பலரும் மாத வாடகையை 12ஆல் பெருக்கி, அதுதான் வருமானம் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் 10ஆல்தான் பெருக்கச் சொல்வேன். ஒருவர் காலி செய்து அடுத்தவர் குடிவரும் வரை வீடு பூட்டியே கிடக்கும், அந்த இடைவெளியில் பெயின்ட், குழாய் ரிப்பேர் என்று செலவும் வரும். அந்த 10 மாத வாடகையிலிருந்து சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தை வீட்டு விலையால் மட்டும் வகுக்காதீர்கள். பத்திரப் பதிவு, ஆரம்ப ரிப்பேர் செலவையும் சேர்த்த மொத்தத் தொகையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். உண்மையான வருமான சதவீதம் அதுதான். கடன் வட்டி அதைவிட அதிகமா? அப்படியானால் கடன் கூடக் கூட உங்கள் லாபம் குறையும். விலை ஏறும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து இறங்க வேண்டாம்.

அப்புறம், வீடு பார்க்க மழை பெய்த மறுநாள் போங்கள். கசிவும் சுவர் ஈரமும் அன்றைக்குத்தான் தெரியும். சாவி கொடுக்கும் முன் ஒவ்வோர் அறையையும் போட்டோ எடுத்து, குடிவருபவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் எவ்வளவு கழிப்பது என்ற தகராறே வராது.