துணியை யார் வாங்குவது? புது ஆடை பிராண்டுக்கு உற்பத்தி முறையைத் தேர்ந்தெடுக்கும் வழி

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: டிசைன் முழுக்க உங்களுடையதா, லோகோ மட்டுமா? லோகோ மட்டும் என்றால், தைத்துத் தயாராக இருக்கும் பிளெயின் ஆடைகளை வாங்கிப் பிரிண்ட் போட்டு, உங்கள் லேபிளை வைத்தால் போதும். சொந்தக் கட்டிங் வேண்டும் என்றால்தான் அடுத்த படி.

இரண்டாவது, துணி யார் பொறுப்பு? எல்லாமே இதில்தான் இருக்கிறது. சி.எம்.டி. (CMT: கட், மேக், டிரிம்) முறையில் துணியை நீங்கள் வாங்கித் தருகிறீர்கள். தையல் யூனிட் வெட்டி, தைத்து, முடித்துத் தரும். பீஸுக்கான கூலி குறைவாகத் தெரியும். ஆனால் கணக்குப் போடுங்கள். தைத்து முடித்த டி-ஷர்ட்டின் எடை 200 கிராம் என்றால், 100 கிலோ துணியில் 500 வர வேண்டும். கட்டிங்கில் 15 சதவீதம் கழிவாகப் போனாலே 425தான் வரும். தையலில் கழிபவை தனி. துணியில் சாயம் திட்டுத்திட்டாக இருந்தால், அந்த நஷ்டமும் உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொரு முறையான ஃபுல் பேக்கேஜில் துணி, நூல், பட்டன், லேபிள், கழிவு எல்லாம் தயாரிப்பாளர் பொறுப்பு. பீஸ் விலை கூடும். துணியைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லும் அனுபவம் வரும்வரை இதுதான் நல்லது என்பேன். பேட்டர்ன் (துணியை வெட்டப் பயன்படும் அளவு மாதிரி) யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யூனிட்டுக்குப் போகும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம், குறைந்தபட்ச ஆர்டர். அதிக எண்ணிக்கை கேட்கிறார்களே என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அந்த எண்ணைத் தீர்மானிப்பது தையல் அல்ல, ஒரு நிறத்துக்குச் சாயம் போடும் அளவு. ஐந்து நிறங்களை இரண்டாகக் குறைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள்.

சரி, விலை கேட்கும் முன் டெக் பேக் தயார் செய்யுங்கள்: அளவுகள், துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), தையல் வகை, லேபிள் வைக்கும் இடம். எல்லா யூனிட்டுக்கும் அதே தாளைக் கொடுத்தால்தான் விலைகளை ஒப்பிட முடியும்.

கடைசியாக சாம்பிள். 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடை போட்டு, கிராமை 100 ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். சாம்பிளை மூன்று முறை துவைத்து மறுபடி அளந்து பாருங்கள். திருப்தியானால் இரண்டு பீஸில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.