டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அஞ்சலை, ஆதாரில் அஞ்சலாட்சி: படைப் பதிவைத் திருத்தக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தகரப் பெட்டியின் அடியில், பட்டுப் புடவைக்குக் கீழே துணியில் சுற்றி வைத்திருந்த, கணவரைப் படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வந்திருந்தார். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காரியம் முடிந்து இருபது நாள்கூட ஆகவில்லை. குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு எழுதலாம் என்று புத்தகத்தைப் பிரித்தால், மனைவி பெயர் அஞ்சலை என்று இருக்கிறது. ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் அஞ்சலாட்சி. “ரெண்டும் நான்தாங்க. வீட்ல அஞ்சலைன்னுதான் கூப்புடுவாங்க” என்றார். எனக்குத் தெரியும், அந்த ஊருக்கே தெரியும். எங்கோ தொலைவில் உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. கணவர் இருக்கும்போதே அவர் கையெழுத்தோடு ஒரு மனு போயிருந்தால் எவ்வளவோ எளிதாக முடிந்திருக்கும்.

ஆகவே எல்லாவற்றிலும் பெரிய தவறு, தள்ளிப்போடுவது. மாதம் பிறந்தால் பணம் வங்கியில் விழுகிறவரை பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் பிழை இருப்பது பெரும்பாலும் மனைவியின் பெயரில், அல்லது அவர் பிறந்த தேதியில். பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே கிடையாது. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100 வயதில் இன்னொரு மடங்கு. தேதியே பதிவில் இல்லையென்றால் 80 முடிந்ததை எதை வைத்துக் கணக்கிடுவது?

நம் கடற்கரைக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. 2004-இல் சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015-இல் வெள்ளம். கடலூரில் எத்தனையோ வீடுகளில் காகிதங்கள் ஊறிக் கூழாகிப் போயின. கையில் சான்று இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் இல்லாமல் இடையில் விலகி வந்தவர்கள் இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும். அவர்களுடைய சேவை ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவது படையின் நடைமுறை.

அடுத்தது, பேனாவை எடுப்பது. ஒரு புத்தகத்தில் பார்த்தேன். பழுப்பேறிய பக்கத்தில் பழைய மையில் எழுதிய பெயருக்குப் பக்கத்தில், நீல பால்பாயிண்டில் இரண்டு எழுத்தைச் சேர்த்திருந்தார்கள். செய்தது மகன். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். ஆனால் அந்தப் பக்கம் அதன்பிறகு சான்றாக நிற்காது. மூலப் பதிவோடு ஒத்துப்பார்க்கிறவர் பிழையைப் பார்ப்பதற்கு முன்னால் அடித்தலைத்தான் பார்ப்பார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு புள்ளிகூட நாம் வைக்கக் கூடாது.

சரி, எங்கே திருத்துவது? ஒருவர் வங்கிக்குப் போகிறார், இன்னொருவர் ஆதார் மையத்துக்குப் போகிறார், மூன்றாமவர் நேராக பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்பு ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கே கடிதம் எழுதுகிறார். மூலப் பதிவு இருப்பது உங்கள் ரெக்கார்டு ஆபீஸில், அதாவது உங்கள் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படை வீரர்களுக்கு டெல்லி. சேவையில் இருந்தபோது கல்யாணமும் குழந்தை பிறப்பும் பார்ட் டூ ஆர்டர் என்ற படைப்பிரிவு உத்தரவு வழியாக ஏறியதும் அங்கேதான். அங்கே திருத்தம் ஏறினால்தான் திருத்திய ஓய்வூதிய ஆணை வரும். அப்புறம்தான் படை ஓய்வூதியத்துக்கான இணையதளமான ஸ்பார்ஷில் உள்ள கணக்கில் மாறும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டும்.

ஆதாரைத் திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. யோசித்துச் செய்ய வேண்டும். அந்த அம்மாவுக்குப் பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், எல்லாமே அஞ்சலாட்சி. அங்கே படைப் பதிவைத் திருத்துவதுதான் சரி. வேறொரு வீட்டில் ஆதாரில் மட்டும்தான் பெயர் மாறியிருந்தது. அங்கே ஆதாரைப் பதிவுக்கு ஏற்ப மாற்றியதும் வேலை முடிந்தது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. எந்தப் பெயர் நிற்கப்போகிறது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு மையத்துக்குப் போங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு என்று ஒரு தொல்லை இருக்கிறது. ஏழுமலையை ஒரு எழுத்தர் ‘எல்’ போட்டு எழுதுவார், அடுத்தவர் ‘இசட்-எச்’ போடுவார், மூன்றாமவர் முன்னால் ஒரு ‘ஒய்’ சேர்ப்பார். இனிஷியல் ஒரு தாளில் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், வேறொன்றில் அப்பா பெயர் முழுதாக. மனுவில் “என் பெயர் தவறாக உள்ளது” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது. இப்போது பதிவில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். அதன் கீழே இருக்க வேண்டியதை எழுதுங்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மூன்றாவதாக எழுதுங்கள். படை எண்ணைக் கடைசி எழுத்தோடு சேர்த்துப் போட வேண்டும். நாயப் சுபேதார் ஆனபோது புதிய ஜே.சி. எண் (இளநிலை அதிகாரிகளுக்கான எண்) கிடைத்தவர்கள் இரண்டையும் போடுங்கள். ரேங்க், ஓய்வு பெற்ற தேதி, பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையின் எண் வேண்டும். அரியர்ஸ் வரவில்லை என்ற குறையை அதே மனுவில் கலக்காதீர்கள். மூலச் சான்றுகளைத் தபாலில் அனுப்பவே அனுப்பாதீர்கள், சான்றொப்பமிட்ட நகல் போதும். கடலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும், புதுச்சேரியில் முப்படை நலத்துறையையும் முதலில் பாருங்கள். பிரமாணப் பத்திரம் எப்படி வேண்டும், பத்திரிகை விளம்பரம் தேவையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்பிறகு செலவு செய்யலாம்.

சொந்தப் பிறந்த தேதி விஷயத்தில் வீணாக நம்பிக்கை வைக்காதீர்கள். படையில் சேர்ந்தபோது சான்றோடு எழுதிய தேதியை, ஓய்வு பெறும் நேரத்திலோ அதற்குப் பிறகோ மாற்றக் கேட்பதை உரிமையாகக் கோர முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஆனால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சரியாக இருந்து, ஓய்வூதிய ஆணையில் தட்டச்சுப் பிழையாக வந்திருந்தால் அது வேறு. அதைத் தாராளமாகக் கேட்கலாம்.

ஸ்பார்ஷுக்குக் கணக்கு மாறியபோது விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு பக்கம் வந்தது. பலர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எதிரே இருந்த பையன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, ‘சரி’ என்று அழுத்திவிட்டு வந்துவிட்டார்கள். பிழையும் சேர்ந்து ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. இப்போதாவது உள்ளே போய் மனைவி பெயரையும் தேதியையும் பாருங்கள். முகவரி, கைபேசி எண் போன்றவற்றை நீங்களே மாற்றலாம். பெயரும் பிறந்த தேதியும் ரெக்கார்டு ஆபீஸ் வழியாகத்தான்.

பிழையே இல்லாததைப் பிழை என்று நினைத்துக் கவலைப்படுகிறவர்களும் உண்டு. புத்தகத்தில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று இருக்கும். 1993-இல் அது பிரிந்தது, 2019-இல் கள்ளக்குறிச்சியும் தனியானது. ஊர் இடம் மாறவில்லை. இன்றைய முகவரியைத் தெரிவித்தால் போதும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா குடும்பங்களுக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. அவர்களுடைய சேவைக் கோப்பு பிரான்சின் போ (Pau) நகர ஆவணக் காப்பகத்தில், பிறப்பு, திருமணப் பதிவு நான்த் நகரில். அங்கே குடிமைப் பதிவு சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி அதே மனுவை அனுப்புவதில் பயனில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, என் மனு எந்த நிலையில் இருக்கிறது, என் ஷீட் ரோல் (சேவைப் பதிவுத் தாள்) நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நியாயமான கோரிக்கையை எழுத்தில் மறுத்தால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு எட்டு மாதம் கழித்துத் திருத்திய ஆணை வந்தது. சந்தோஷத்தில் அதை அப்படியே மடித்துப் பெட்டியில் வைக்கப் போனார். கொடுங்கள் என்று வாங்கி, ஆதாரைப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தோம். பெயர் சரி. பிறந்த வருடத்தில் ஒரு எண் மாறியிருந்தது. அன்றைக்கே அடுத்த மனுவை எழுதினோம்.